பிணமாகப் படுத்துப் பதிந்த பாட்டு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச இன்றும் கூச்சம்தான். ஆனால் கடலூரில் என் வீட்டுக்காரர் தொடங்கிய பாட்டு கம்பெனியை, அவர் போன பிறகு நான்தான் நடத்துகிறேன். முன்பு கேசட், இப்போது செல்போன். எதைப் பதிவது, யார் பாடுவது, எல்லாம் என் முடிவு.

போன வருடம் ஆறு ஒப்பாரிப் பாட்டு பதியலாம் என்றேன். கொழுந்தனார் குதித்தார்.

"சாவுப் பாட்ட எவன் அண்ணி வூட்ல வச்சிக் கேப்பான்? சாமிப் பாட்டே போதும்."

"கேப்பாங்க."

"சரி. இது ஓடலன்னா கம்பெனிய எங்கிட்ட வுட்டுட்டு வூட்ல ஒக்காருங்க."

ஒத்துக்கொண்டேன்.

கடலோர ஊரிலிருந்து மூன்று பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் ஸ்டுடியோவுக்குப் போனேன். எழவு வீட்டில் அவர்கள் குரலெடுத்தால் பந்தலில் இருக்கும் ஆண்களும் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். மைக் முன்னால் ஒரு வரி வரவில்லை. பகல் வரைக்கும் முக்கினோம்.

"பொணம் இல்லாம எப்பிடிக்கா அழுவறது?" என்றாள் மூத்தவள். "சும்மா அழுதா யாரையோ சாவச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"யாராச்சும் படுத்தா வரும்" என்று சிரித்தாள் இளையவள்.

ரெக்கார்டிங் செய்பவர் பின்வாங்கினார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்குதும்மா."

ஒரு பாய் வாங்கி விரித்தேன். பிணத்தைக் கிடத்துவதுபோல் தெற்கே தலை வைத்துப் படுத்துக் கண்ணை மூடினேன்.

"ஐயோ அக்கா, நல்லா இருக்கிறவங்க!"

"அழுவுங்கடி."

"இன்னான்னு அழுவறது? அக்கான்னா, அம்மான்னா?"

"அம்மான்னு."

மூத்தவள் என் காலைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள், செத்துத்தான் போய்விட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதியில் என் வயிறு கடமுடவென்றது.

"பொணத்துக்குப் பசிக்குதுடி!" என்றாள் மூத்தவள்.

மூவரும் உருண்டு சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு அழ, மற்றவர்கள் என்மேல் சாய்ந்து அழ, பாட்டு நல்ல உச்சத்தில் போகும்போது கதவு திறந்தது. பகல் வரைக்கும் ஒரு வரியும் வரவில்லை என்று யாரோ போனில் சொல்லிக் கொழுந்தனார் கடலூரிலிருந்து ஓடி வந்திருந்தார்.

"எழுந்திருங்க அண்ணி! அபசகுனம்! ஊரே சிரிக்கும்!"

நான் கண்ணைத் திறக்கவில்லை. படுத்தபடியே, என் வாழ்நாளில் அவரிடம் பேசாத சத்தத்தில் சொன்னேன்.

"கதவச் சாத்திட்டு வெளிய நில்லுங்க. டேக் போவுது."

சாத்தினார். பெண்கள் முன்னைவிட ஓங்கி எடுத்தார்கள். எங்கள் இருவர் சத்தம் விழுந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தோம். ஆறு பாட்டும் சாயங்காலத்துக்குள் முடிந்தன.

பாட்டுகள் வெளிவந்து நன்றாக ஓடிய பிறகும் அவர் விடவில்லை. பரிகாரம் செய்துவிட்டு ஓய்வெடுங்கள் என்று வீட்டுக்கே வந்து சொன்னார்.

"பரிகாரம்லாம் கெடையாது" என்றேன். "நான் செத்தா அழுவறதுக்கு ரெக்கார்டு ரெடியா இருக்குது. அன்னிக்குப் போட்டுக்கங்க. அதுவரைக்கும் கம்பெனிய நான் பாத்துக்கறேன்."