தொட்டியில் கொட்டிய பவுடர்

பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்துப் புதுக் காகிதம் செய்யும் ஆலையில் அவருக்குக் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எல்லாருக்கும் அவர் தொட்டிக்காரர்தான். அந்தத் தண்ணீரை அப்படியே வெளியே விட்டால் நாற்றம் குடலைப் புரட்டும். அழுக்கைத் தின்று தீர்க்கிற கிருமிகளைத் தொட்டிக்குள் வளர்த்து, இரவும் பகலும் காற்று ஊதிக் காப்பாற்ற வேண்டும். பிள்ளை வளர்ப்பதைவிடப் பெரிய பாடு அது.

போயும் போயும் ஆலைக்குப் பின்தெருவில்தான் அவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தார். சம்பந்தியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "உங்கப்பா வாசனைதான் வீடு பூரா வருது" என்று மருமகளைக் குத்திக்கொண்டே இருப்பார். மகளும் சளைத்தவளில்லை. "இப்ப எல்லாம் சரியாயிடுச்சு அத்தை. ஆலையில தொட்டியக் காட்ட தெருக்காரங்கள எல்லாம் கூப்பிட்டிருக்காங்க. நீங்களே வந்து பாருங்க" என்று சவால் விட்டுவிட்டாள்.

அங்கேதான் மனிதருக்குப் புத்தி பிசகியது. தொட்டி நன்றாகத்தான் இருந்தது. லேசாக ஈரமண் வாடை, அவ்வளவே. அதுகூட சம்பந்தியம்மா மூக்கில் ஏறக் கூடாது என்று, கழிப்பறை கழுவ வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை முந்தின நாள் மூட்டையோடு தூக்கிக் கொட்டினார். கிருமியெல்லாம் அதில் செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நல்ல பேர் வாங்கும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் எல்லாரும் வந்து நின்றபோது தொட்டி கருத்துக் கிடந்தது. அடேயப்பா, அழுகின முட்டையெல்லாம் தோற்றுப் போகும்! தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"சரியாயிடுச்சா? நல்லாத்தான் சரியாயிடுச்சு" என்றார் சம்பந்தியம்மா, கைக்குட்டைக்குள்ளிருந்து.

தொட்டிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"என்னத்தய்யா போட்டீங்க உள்ள?" என்றார் ஆலை மேலாளர்.

அவர் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். மூக்கைப் பொத்தாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். "அப்பா ஒண்ணும் போட்டிருக்க மாட்டாரு சார். காத்து ஊதுற மெஷின்லதான் ஏதோ கோளாறு. என்னை வளத்ததவிட நல்லா இந்தத் தொட்டியப் பாத்துக்குறவரு அவரு."

மேலாளர் திரும்பி, அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கை முறைத்தார். அந்த மனிதர் முகம் வெளிறிப்போயிற்று.

"அவரு மேல தப்பில்ல சார்." தொட்டிக்காரர் குறுக்கே வந்து நின்றார். "நான்தான் பவுடரக் கொட்டினேன். தெரிஞ்சேதான் கொட்டினேன்."

மகளை நிமிர்ந்து பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. பார்த்தார். அவள் மெல்லக் கையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.