வெந்நீர்க் குழாயில் வந்த குரல்

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பூச்சாண்டி வெந்நீர்க் குழாய்க்குள் குடியிருந்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. மொன்றியல் நகரின் வடக்குப் பகுதியான கார்ட்டியர்வில்லில் ஒரு செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். வீட்டைச் சூடாக்கும் குழாய்கள் அடித்தளத்திலிருந்து எல்லா மாடிகளுக்கும் ஏறி வரும். சாயங்காலமானால் எங்கள் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துக் குழாயில் 'தூம்... தூம்... தூம்' என்று ஒரு குரல் அதிரும். தட்டில் ரசஞ்சோறு மிச்சமிருந்தால் அம்மா குழாயைக் காட்டி, "கூப்பிடறான் பாரு. சாப்பிடலேன்னா புடிச்சுக் குடுத்துடுவேன்" என்பாள். ஊரில் இதற்கு ஒரு கோணிப்பைக்காரனைத் தேட வேண்டியிருந்திருக்கும். கனடாவில் எல்லா வசதியும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் முதல் மாடியில் இருந்த அமெரிக்கக் கறுப்பர். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். அவரும் இன்னும் இரண்டு பேரும் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையில் பாடிப் பழகுவார்கள். ஓடு பதித்த அந்தச் சுவர்களில் எதிரொலி நன்றாக இருக்குமாம். மற்ற இருவரின் குரலும் வழியிலேயே நின்றுவிடும். அவருடைய அடிக்குரல் மட்டும் எங்கள் ரசஞ்சோறு வரை ஏறி வரும். நிறத்தில் அப்பாவுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து எங்கள் சோபாவில் தங்கியிருந்த சித்தப்பாவுக்கு இசைத்தட்டுப் பைத்தியம் உண்டு. அவர்களுடைய கதையை அவர்தான் எப்படியோ கேட்டு வந்து சொன்னார். முதலில் ஐந்து பேராம். ஒரே தெருப் பையன்கள். வாத்தியம் வாங்க வழியில்லாததால் வாயையே வாத்தியமாக்கி, மாடிப்படிக்குக் கீழே நின்று பாடியிருக்கிறார்கள். ஒருவன் உச்சத்தில் பாட, மூவர் நடுவில் இழைய, நம்ம ஆள் மிருதங்கம். ஒரு பாட்டு நாடு முழுக்க ரேடியோவில் ஓடியிருக்கிறது. சில ஊர்களில் அரங்கின் நடுவே கயிறு கட்டி, ஒரு பக்கம் வெள்ளைக்காரர்களையும் மறுபக்கம் கறுப்பர்களையும் உட்காரவைத்துப் பாடச் சொல்வார்களாம். பாடி முடித்ததும் பின்கதவால் ஓடிவிட வேண்டுமாம். பிறகு கிட்டார் கும்பல்கள் வந்து இவர்கள் மவுசு குறைந்தது. குழுவின் பெயர் மேனேஜருக்குச் சொந்தம் என்று எழுதியிருந்ததால், அவன் வேறு ஐந்து பையன்களைப் பிடித்து அதே பெயரில் பாட வைத்துவிட்டான்.

"பேரையே எடுத்துக்கிட்டானா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாண்ணா. இப்போ இவங்க சொந்தப் பாட்டைச் சொந்தப் பேர்ல பாடினா கேஸ் போடுவான். அதான் இங்க வந்து வேற பேர்ல ஹோட்டல்ல பாடறாங்க."

பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்குக் கவலை வேறு. பின்கதவால் ஓடுகிறவன் நல்லவனாக இருக்க முடியாது. அதைவிட, பெயரைப் பறிகொடுத்தவனுக்கு வேறொரு பெயர் வேண்டியிருக்குமே, என் பெயரைக் கேட்டால் என்ன செய்வது? அம்மா இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தாள். கெட்டது கூப்பிட்டால் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. மூன்றாம் தரமும் கூப்பிடுவது மனிதர்கள்தான். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு கவசத்தை நம்பித்தான் நான் அந்தக் கட்டடத்தில் நடமாடினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அடித்தளத்தில் துணி துவைக்கப் போன அம்மா சோப்புத் தூளை மறந்துவிட்டு, என்னை எடுத்துவர அனுப்பினாள். பொட்டலத்தோடு லிப்டில் இறங்கினேன். முதல் மாடியில் கதவு திறந்தது. அவர் நின்றிருந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர் என்னைக் கண்டதும் தயங்கி, எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் வெளியே போகத் திரும்பினார். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. லிப்ட் இறங்கி, தரைத்தளத்துக்குச் சற்று மேலே ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

அவர் அபாய மணியை அழுத்தினார். பிறகு, நான் பயந்தபடியே, உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் மெதுவாகக் கேட்டார். பதில் இல்லை. மூன்றாவது தரம் கேட்கவே இல்லை. ஆக, அதுதான் இது என்று உறுதியாகிவிட்டது. பயத்தில் பொட்டலத்தை இறுக்கினேன். அது வெடித்து என் முகமெல்லாம் சோப்புத் தூளானது. அவர் தும்மினார். அந்த மாதிரித் தும்மலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. விழுங்குவதற்கு முன் தொண்டையைச் சரிசெய்கிறது என்று நினைத்து ஓசையில்லாமல் அழுதேன்.

அவர் எதிர் மூலைக்குப் போய் முதுகை ஒட்டிக்கொண்டார். இரண்டு கைகளையும் விரித்துப் பிடிக்கம்பியின் மேல் வைத்தார். பிறகு பாட ஆரம்பித்தார். அதே தூம் தூம்தான். கட்டடமே கேட்கட்டும் என்கிற மாதிரி உரக்கப் பாடினார். மற்றவர்கள் பாட வேண்டிய இடங்களில் சும்மா நின்று, கதவையே பார்த்துவிட்டு, தன் இடம் வந்ததும் மறுபடி தொடர்ந்தார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க இவருக்கு மட்டும் ஏன் வேர்க்கிறது என்பது என் பயத்தை இன்னும் கூட்டியது.

கதவின் சின்னக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் தெரிந்தது. அவள் என் முகத்தையும் அவரையும் பார்த்துவிட்டு வீறிட்டாள். பாட்டு நிற்கவில்லை. கட்டடக் காவலாளியும் ஒரு போலீஸ்காரரும் வந்து கதவைப் பெயர்த்துத் திறக்கும்வரை நிற்கவே இல்லை. லிப்ட் தரையைவிடக் கொஞ்சம் உயரத்தில் நின்றிருந்தது. ஒரு கையால் என்னைத் தூக்கி இறக்கியிருக்கலாம்; அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. போலீஸ்காரர்தான் என்னை இறக்கினார். அவரையும் இறங்கச் சொல்லி முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த ஆள் உன்னை என்ன செய்தான் என்று போலீஸ்காரர் பிரெஞ்சில் கேட்டார். நான் பேசவில்லை. ஆங்கிலத்தில் கேட்டார். அதற்கும் பேசவில்லை, இரண்டு தரம்தானே ஆகியிருக்கிறது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் பாடியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கையைப் பிடித்திருந்த கை இறுகியது. அவர் யாரையும் பார்க்கவில்லை, என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரக் கையோடு அம்மா படியேறி ஓடிவந்தாள்.

"என்னடி ஆச்சு? அந்த ஆளு உன்னை ஏதாவது பண்ணினாரா? வாயைத் திறந்து சொல்லேண்டி!"

மூன்றாம் தரம் கேட்டாகிவிட்டது.

"பாடினாரும்மா," என்றேன். "அப்பறம் தும்மினார்."

அம்மா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். காவலாளிதான் முதலில் சிரித்தார். போலீஸ்காரர் கையை விட்டார். நல்லவேளை என்று யாரோ சொன்னார்கள். என்னைப் பற்றித்தான் சொன்னார்கள்.

பாடியவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால்கள் தடதடவென்று ஆடின. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. நாங்கள் அவரைத் தாண்டி மேலே போகும்போது எழுந்து நிற்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே எனக்கு நன்றி சொன்னார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு நேரம் தனியாகப் பாடியதில் கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் கையை இழுத்தபடி வேகமாக ஏறினேன். இவ்வளவு பெரிய மனிதர் ஆறு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் என்பது அன்று எனக்குத் தெரியாது.