லண்டனுக்குப் போன என் திருத்தம்

இன்று பெரம்பலூர் பஸ்ஸில் பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒரே நிமிடத்தில் போனில் இறக்கினேன். எண்பதுகளின் தொடக்கம் நினைவுக்கு வந்தது.

அப்போது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் கல்லாகிக் கிடைக்கும் பழங்காலக் கடல் சிப்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவற்றைப் பற்றிய மிகப் பழைய கட்டுரை லண்டனில் ஒரு நூலகத்தில்தான் இருந்தது.

"அது கெடைக்காதும்மா, தலைப்ப மாத்திக்க" என்றார் என் பேராசிரியர்.

"மாத்த மாட்டேங்க சார். நம்மூரு கல்லப் பத்தி எழுதுனத நான் படிக்க வேணாமா?" என்றேன்.

எங்கள் பல்கலைக்கழக நூலகர் பிரதி கேட்டு லண்டனுக்கு எழுதினார். பதில் இல்லை. "இன்னொரு தடவ எழுதுங்க சார்" என்று மாதாமாதம் போய் நின்றேன். அவரும் சலிக்காமல் எழுதினார்.

எட்டாம் மாதம், பக்கங்களைப் பொடிப்பொடியாகப் படமெடுத்த மைக்ரோபிலிம் சுருள் வந்தது. படிக்கும் கருவி எங்களிடம் இல்லை. பிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பாறை பார்க்கும் லென்ஸால் படித்து, முழுக் கட்டுரையையும் கையால் எழுதினேன்.

அதில் கல்லங்குறிச்சிச் சிப்பியை வேறு ஊர்க் கணக்கில் சேர்த்திருந்தார்கள்! திருத்தம் எழுதி அனுப்பினேன். "உங்கள் கடிதத்தைக் கட்டுரையோடு சேர்த்து வைத்துவிட்டோம்" என்று லண்டன் நூலகர் பதில் போட்டார்.

லண்டனில் யாராவது இருந்தால், அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்களேன்.