நான் அழித்த நாற்பத்து மூன்று பேர்

திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி எழுந்து வந்தது. நீங்கள் நீக்கப்போகிற வரிகளோடு தொடர்புள்ள மற்ற டேபிள்களின் வரிகளும் சேர்ந்து நீங்கிவிடும், நிச்சயம்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டது. கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். நான் முழுதாகப் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் எதற்கெடுத்தாலும் நிச்சயமா, நிச்சயமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் சோலி நடக்குமா? ‘ஆம்’ என்பதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த ஒரு அமுக்கலில் என் அண்ணன் போனான். அவன் செத்து அப்போதே நான்கு வருஷம் ஆகியிருந்தது, இது இரண்டாவது முறை. அவனோடு சேர்ந்து என் அம்மாவும் போனாள். அவளோ உயிரோடு இருந்தாள்.

செகந்திராபாத்தை ஒட்டி மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் அண்ணன் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தான். ஷிஃப்டில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தான். கருணை அடிப்படையில் என் மதினிக்குப் பர்சனல் செக்‌ஷனில் க்ளார்க் வேலை கொடுத்தார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் அவள் மனம் ஊரிலேயேதான் இருந்தது. “எம்மவன் உக்காந்த நாக்காலியில இவ போயி உக்காருதாளாம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். மதினி ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நாக்காலி ஆபீஸுக்குள்ளது அத்தை. நான் உக்காரலன்னா எவனோ ஒருத்தன் உக்காரப் போறான்.” அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மதினியோடு அதிகம் பேசவும் இல்லை. ஆபீஸில் மட்டும் என்ன வாழ்ந்தது? எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் அவர்களுக்கு மதினி ‘ஸ்டோர்ஸ் சார் வீட்டம்மா’தான்.

அந்த ஸ்டோர்ஸ் சார் வீட்டம்மாதான் செகந்திராபாத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், தொழிற்சாலையின் ஊழியர் விவரம் முழுவதையும் ஒரு டேட்டாபேஸில் ஏற்றியவர். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஊழியர்களுக்கு ஒரு டேபிள், அவர்களைச் சார்ந்தவர்களுக்கு இன்னொரு டேபிள். இரண்டையும் கட்டிவைத்தது ஸ்டாஃப் நம்பர். அண்ணனின் நம்பருக்குக் கீழேதான் அம்மாவின் பெயர். எங்கள் விதிப்படி ஊழியர் இறந்தாலும் அவர் மனைவிக்கும் பெற்றோருக்கும் மருத்துவ அட்டை தொடரும், ஆனால் அவருடைய நம்பரில்தான் தொடரும். ஆகவே இறந்தவருக்கு ஒரு வரி இருந்தால்தான் இருப்பவருக்கு மாத்திரை. மதினி அண்ணனின் வரியில் ‘மறைவு’ என்று தன் கையாலேயே தட்டி வைத்திருந்தார். அதைத் தட்டும்போது என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை.

நான் அதே தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி பார்த்தேன். வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. மதினியின் டேபிள்களை என் கம்ப்யூட்டருக்கும் இணைத்துக் கொடுத்திருந்தார்கள். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஒரு பழக்கம் உண்டு. வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு செக்‌ஷனும் பர்சனலின் பெரிய ரிஜிஸ்டரைப் பார்த்துத் தனக்கென்று ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்ளும். பிறகு ரிட்டயர் ஆனவரை, இறந்தவரைச் சிவப்புப் பென்சிலால் அவரவர் நோட்டில் அடித்துக்கொள்ளலாம். பெரிய ரிஜிஸ்டருக்கு ஒன்றும் ஆகாது. என் திரையில் தெரிந்ததும் அப்படி ஒரு நோட்டு என்றே நான் நினைத்தேன். நான் மட்டுமில்லை, கேட்டிலிருந்து கேன்டீன் வரை எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் கண் பரிசோதனை முகாம் என்று பட்டியல் கேட்டார்கள். இறந்தவர்களாகவும் ரிட்டயர் ஆனவர்களாகவும் நாற்பத்து மூன்று பேர் அதில் இருந்தார்கள். அடித்தேன்.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலை அம்மா வந்தாள். அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். டிஸ்பென்சரியில் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்குக் கிளம்பும் தொழிற்சாலை வண்டியில் சைனிக்புரி தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடிதத்தை அச்சடிப்பவள் நான்தான். அண்ணனின் நம்பரைத் தட்டினேன். இல்லை என்றது. மறுபடி தட்டினேன். அந்த நம்பரை நான் தூக்கத்திலும் சொல்லுவேன். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் அம்மா முகமெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்சுலின் வாங்க வந்த ஒரு தெலுங்கு அம்மாள், அவரும் கணவரை இழந்தவர். அவர் நம்பரையும் தட்டிப் பார்த்தேன். அதுவும் இல்லை. அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது.

பர்சனல் செக்‌ஷனுக்கு ஓடினேன். மதினி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எத்தன பேரு?” என்று மட்டும் கேட்டார்.

“நாப்பத்து மூணு. என் டேபிள்ளதான் மதினி அடிச்சேன். உங்கதத் தொடவே இல்ல.”

“டேபிள் பேருக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்குல்லா? அப்படின்னா அது உன்னது இல்லட்டி. ஊர்க்கிணறு. நீ உன் வாளியக் கழுவுததா நெனச்சிக் கெணத்த எறச்சிட்ட.” சொல்லிவிட்டுத் தன் திரையையே பார்த்தார். “ஊழியரை அழிச்சா குடும்பமும் சேந்து அழியணும்னு டிக் போட்டு வச்சது நானுல்லா. வகுப்புல ரெண்டு பெட்டியிலயும் டிக் போடச் சொன்னாவ, போட்டேன். ஒருத்தன் செத்தா அவன் ஆத்தா எங்க போவான்னு யோசிச்சேனா?”

அதற்குள் செய்தி அட்மினிஸ்ட்ரேடிவ் ஆபீசர் அறைக்குப் போய்விட்டது. ஏ.ஓ. சார் என்று எல்லோரும் சொல்லும் அவர் புதிதாக வந்தவர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து புது சிஸ்டம் வரப்போகிறது, பட்டியலில் செத்தவர்கள் எதற்கு என்று ஒரு மாதமாகவே முனகிக்கொண்டிருந்தார். இப்போது எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஹிந்தியும் தெலுங்குமாகச் சமாதானமாகவே பேசினார். “கைக்கு டென்ஷன் அம்மா, எதுக்குக் கவலை? போனது போனதுதான், நல்லதாப் போச்சு. உங்க மாமியார் பேரை இப்பவே கையால ஏத்திடுங்க, வண்டியும் கிடைக்கும். மத்ததெல்லாம் நக்கோ, வேண்டாம். வேணுங்கறவங்க சான்றிதழோட புதுசா மனு போடட்டும்.”

எனக்கு உயிர் வந்தது. மணி பத்தரை. இரண்டு வரி தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மதினியின் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார்.

“எங்க அத்தை பேரு அழிஞ்ச மாதிரிதான் சார் மத்தவங்க பேரும் அழிஞ்சுது. ஏத்துனா எல்லாரையும் ஏத்துவேன். ஒருத்தரை மட்டும் ஏத்த மாட்டேன். மத்தவங்களை ஏத்தக்கூடாதுன்னா எழுத்துல குடுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டு என் வேலையைப் பாக்கேன்.”

எழுத்தில் கொடுக்கிற ஆபீசரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவரும் கொடுக்கவில்லை. வாயால் மட்டும் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னார். மதினிக்கு அது காதில் விழாத மாதிரி இருந்தது.

வராந்தாவில் நான் மதினியின் கையைப் பிடித்து இழுத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்கள் அம்மாவாக இருந்தால் இப்படி நியாயம் பேசுவீர்களா என்று கேட்டேன். அம்மா உங்களை ஏசியதற்குப் பழி தீர்க்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன். அந்த வார்த்தையை எந்தப் பெட்டியும் நிச்சயமா என்று கேட்டுத் தடுக்கவில்லை. மதினி கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே பெஞ்சுக்குத் திரும்பி, அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். மருமகள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வரும், அதை மதினியிடம் கொண்டுபோகலாம் என்பது என் எண்ணம்.

அம்மா பக்கத்திலிருந்த தெலுங்கு அம்மாளைப் பார்த்தாள். காலையிலிருந்து இருவரும் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். “இந்தம்மா பேரும் இல்லங்கியே. இவுகளை வச்சிக்கிட்டு எனக்கு மட்டும் எப்படிட்டி குடுப்பா?” என்றாள். பிறகு, “வண்டி போனா ஆட்டோ இருக்கு. அவளைத் தொந்தரவு செய்யாத. அவ சோலியப் பாக்கட்டும்.” மருமகளின் வேலையைச் சோலி என்று என் அம்மா சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இருந்தாலும் மதினிக்கு உதவப் போனேன், வேறு எங்கே போவது?

சனிக்கிழமைதோறும் மதினி மொத்தக் கோப்பையும் ஒரு நகல் எடுத்து வைப்பார். அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டால் இந்த வாரம் ஏற்றியவை எல்லாம் போய்விடும். அதனால் பழைய நகலின் டேபிள்களையும் இப்போதையதற்குப் பக்கத்திலேயே இணைத்தார். ஒரே பெயரில் இரண்டு இருக்கக்கூடாது என்பதால் பழையவற்றின் பெயருக்குப் பின்னால் 1 என்று ஒட்டிக்கொண்டது. பழையதில் இருந்து புதியதில் இல்லாதவர்கள் யார் என்று கேள்வி போட்டார். வரிசையாக வந்தார்கள். அதில் அண்ணனும் வந்தான். மதினிக்கும் அவசரம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நேராக அம்மாவின் பெயர் இருக்கும் டேபிளைத்தான் முதலில் ஏற்றப் பார்த்தார். கம்ப்யூட்டர் மாட்டேன் என்றது. ஊழியர் வரி இல்லாமல் அவரைச் சார்ந்தவரின் வரியை ஏற்காது. “முதல்ல இவுக வரணுமாம்” என்று அண்ணனின் பெயரை விரலால் தொட்டார். நாற்பத்து மூன்று ஊழியர்களையும் ஏற்றி, பிறகு அவர்கள் குடும்பங்களை ஏற்றி, ஒவ்வொன்றையும் காகிதக் கோப்போடு நான் படிக்க அவர் சரிபார்த்து முடித்தபோது மூன்று மணி. சாப்பாட்டு டப்பா திறக்கவே இல்லை. கடைசியாக, ஊழியரோடு குடும்பமும் அழியட்டும் என்ற அந்த டிக்கை எடுத்துவிட்டார். அதன் பிறகு குடும்பம் உள்ள யாரையும் எவர் அழிக்க முயன்றாலும் கம்ப்யூட்டரே முடியாது என்று சொல்லிவிடும்.

இன்சுலின் அம்மாளுக்கு முதலில் சீட்டு, பிறகு அம்மாவுக்குக் கடிதம். அந்த அம்மாள் பெஞ்சில் அம்மாவுக்கு முன்னால் இருந்தார், அவ்வளவுதான். ஆட்டோவில் மூச்சு வாங்க வாங்க அம்மாவைக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் நேரம் தப்பிவிட்டது என்று முகம் சுளித்தார்கள். சண்டை போட்டு உள்ளே அனுப்பினேன். அன்று நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அம்மா அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அந்த அட்டையில்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டாள்.

மறுவாரம் விசாரணை. வரிகளை அழித்தது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டார்: “டேட்டாபேஸ் என்னுது. டிக் போட்டது நான். தப்பு என்னுது.” ஒப்பந்தக்காரி பெயர் வந்தால் மறுநாளே கேட்டுக்கு வெளியேதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். மதினிக்கு மெமோ கொடுத்து, கம்ப்யூட்டரே இல்லாத கேட் பாஸ் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். “சொல்லித் தொலைச்சிராதட்டி” என்று ஒருமுறை சொன்னார், அத்தோடு சரி. எனக்கு வேலை நிரந்தரமான பிறகும் நான் சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு இத்தனை நாள் கழித்து எதற்கு என்ற சோம்பல். இப்படிச் சோம்பலில் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

போன மாதக் கடைசி நாள் மதினி ரிட்டயர் ஆனார். கேன்டீன் ஹாலில் மாலை, சால்வை, சமோசா. இப்போதைய ஆபீசர் சின்னப் பையன். யாரோ சொல்லிக்கொடுத்த பழைய கதையை மைக்கில் எடுத்துவிட்டார். “நம்ம மேடம் ஒரு காலத்துல ஒரே க்ளிக்ல நாற்பத்து மூணு குடும்பத்தைக் காணாமப் பண்ணினவங்க. அதனாலதான் கம்ப்யூட்டர் பக்கமே விடலை.” ஹால் சிரித்தது. மாலைக்குள்ளிருந்து மதினியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மேடையேறி மைக்கை வாங்கினேன். ஹிந்தி, தெலுங்கு, தமிழ் எது வந்ததோ அதில் சொன்னேன். அழித்தது நான். கேட்ட கேள்வியைப் படிக்காமல் அமுக்கியது நான். அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்தது இவர், தன் மாமியாரை மட்டும் ஏற்றிக்கொள் என்று சொன்னபோது மாட்டேன் என்று நின்றது இவர், என் வேலைக்காக மெமோ வாங்கியதும் இவர். இதை எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் கைதட்டவும் இல்லை. விழா முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள் என்றார் சின்ன ஆபீசர்.

நாற்காலிக்குத் திரும்பியதும் மதினி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கோபமாக இருந்தது.

“ஏ மூதி, ஒனக்கு இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்குல்லா. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?”

“மாட்டேன் மதினி” என்றேன்.