மாமன் காதில் மோதிய இரண்டு சேதி

"அங்க இன்னாடி வேல ஒனக்கு? அடங்குறியா இல்லியா?"

திட்டு வாங்குவது கணினித் திரையில் வேண்டாத இடத்தில் முளைத்த ஒரு கோடு. ஆய்வகத்தில் ஆளில்லாதபோது பிரியதர்ஷினி இப்படித்தான். ஒரு கையில் முறுக்கு, மறு கையில் கருவியின் திருகு. முறுக்குத் தூள் விசைப்பலகையில் விழுந்தால் ஊதிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய கருவி, ஆசிலேட்டர் என்கிற அலையியற்றி, லேசுப்பட்டதில்லை. ஒரு அதிர்வெண்ணில் சமிக்ஞையை உள்ளே விட்டால் அக்கம்பக்கத்து அதிர்வெண்களுக்கெல்லாம் சிதறி ஓடும். வெளியிலிருந்து இரண்டு மூன்று அலைகளால் அதை உலுக்கி, வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவைப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஊருக்குப் போகும் மண்ணாடிப்பட்டு பஸ்ஸில் யாராவது கேட்டுத் தொலைத்தால் விடமாட்டாள். "போவக்கூடாத எடத்துக்கு ரெண்டு வழியா அனுப்பணும்க்கா. ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு எறங்கணும். ரெண்டும் மோதிக்கினு அங்க ஒண்ணுமே இல்லாம பூடும்." கேட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன வாரம் ஸ்வீடனில் அவளுக்கு வேலை கிடைத்தது. பெரிய மாமன் தணிகைவேலுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். மறுநாளே தன் மகனோடு நிச்சயதார்த்தம் வைத்துவிடுவார். அப்பா கண்ணையனுக்கோ தெரிந்தாக வேண்டும். அந்த மனுஷன் பெற்ற மகள் சொன்னால் நம்பமாட்டார், காசம்மாள் இட்லிக் கடையில் கேட்டால்தான் நம்புவார். காசம்மாளிடம் சொன்னால் ஊருக்கே போய்விடும், மாமனையும் சேர்த்து.

கள்ளி சும்மா இருப்பாளா? காசம்மாளிடம், "வெளிநாட்ல வேல கெடச்சிடுச்சி" என்றாள். மாமனுக்கு எதிர்வீட்டு ஜெயசித்ராவிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கெடைக்கலக்கா, யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். அப்படிச் சொன்னபின் ஜெயசித்ராவால் சொல்லாமல் இருக்க முடியுமா என்ன!

மறுநாள் சாயங்காலம் மாமன் வந்து நின்றார். "இன்னா மாப்ள, பொண்ணு வெளிநாடு போவுதுன்றா ஒருத்தி, இல்லவே இல்லன்றா இன்னொருத்தி. எதுதான் நெசம்?"

பிரியதர்ஷினிக்கு உயிரே போய்விட்டது. அப்பா காலையில் இட்லிக் கடைக்குப் போனாரா இல்லையா? அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்வாங்க மச்சான். ஒக்காரு, காப்பி குடி" என்றார் கண்ணையன்.

சொல்லிக்கொண்டே, மத்தியானம் வில்லியனூர் போய் வாங்கிவந்த, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெரிய சூட்கேஸைக் குதிகாலால் மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.