அந்துவான் எழுதிய முதல் வரி

அந்துவான் சார் இறந்த செய்தி வந்தபோது நான் மேட்டுப்பாளையம் சிக்னலில் காருக்குள் இருந்தேன். காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி பச்சை விழக் காத்திருந்தபோது எங்கள் பேக்கிங் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். "மேடம், நம்ம அந்துவான் சார் தவறிட்டாராம். நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றார். பச்சை விழுந்தது. என் இடது கால் கிளட்சிலிருந்து நழுவி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களுக்குப் பிறகு நான் நடுரோட்டில் வண்டியை அணையவிட்டது அன்றுதான்.

நேராக உப்பளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். குறுகலான தெரு. அவருடைய சின்னக் கார் பாதி கேட்டுக்கு உள்ளேயும் பாதி தெருவிலுமாகக் கோணலாக நின்றது. சாமியானா போட வந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். யார் இப்படி நிறுத்தியது என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் எடுத்து, ஒரே தடவையில் உள்ளே நேராக விட்டேன். "மேடம் சூப்பரா எடுத்துட்டாங்க" என்றார் பந்தல்காரர். அந்த வேளையிலும் அது என் காதில் இனிமையாக விழுந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்குக் கொடுக்கும் நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள். ஆலையில் அவரோடு வேலை செய்தவர்களும், கோயிலில் அவரோடு பாட்டுக் குழுவில் நின்றவர்களும் இதைப் படிப்பீர்கள். நல்லவர், வல்லவர் என்று எழுதிவிட்டுப் போகலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அவரைப் பற்றி நான் எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அவர் மனைவி ரெஜினா அக்காவிடம் கேட்டேன். "எழுது. நல்லதா மட்டும் எழுதி வச்சா அவரு மாதிரி இருக்காது" என்றார்.

வெளியில் உள்ளவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற ஆலை. அந்துவான் சாரும் நானும் பதினாறு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் எதிரெதிர் மேசை. ஒருமுறை பெரிய ஆர்டர் ஒன்றில் எல்லா மூடியும் அளவில் சரியாக இருந்தன. நானே அளந்து கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். அங்கே பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். "இதக் கொஞ்சம் தொறந்து குடும்மா" என்றார். அந்த அம்மா திருகிப் பார்த்தார், முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகிப் பார்த்தார், முடியவில்லை. அந்துவான் சார் லாரியில் ஏற்றவிருந்த சரக்கை நிறுத்திவிட்டார். மேனேஜர் கத்தினார். இவர் குரலை உயர்த்தாமல் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "இத யாரு தொறக்கப் போறாங்க சார்? நீங்களும் இல்ல, நானும் இல்ல. சீக்காளி தொறக்கணும்."

கையெழுத்துப் போட்டது நான் என்பதால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒரு நீளமான பிரெஞ்சு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து என் மேசையில் பாதியை வைத்துவிட்டுப் போனார். சண்டை அத்தோடு தீர்ந்தது. என் கோபத்தை அவர் எப்போதும் ஒரே சொல்லால் அடக்குவார். "தூஸ்மான், செல்வி, தூஸ்மான்." மெல்ல, மெல்ல என்று அர்த்தம். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததில் அவருக்கு மிஞ்சிய நாலைந்து சொற்களில் அது ஒன்று. நான் வேகமாகக் கார் ஓட்டினாலும் அதையேதான் சொல்வார்.

கார் என்றதும் என் கதையையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். என் அப்பா மில் வேலை போன பிறகு வாடகைக் கார் ஓட்டினார். எனக்கும் கற்றுக் கொடுத்தார். உழவர்கரையில் எங்கள் தெருவில் ஒரு பெண் கியர் போட்டுக் கார் ஓட்டுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்கும். "பொம்பளைக்கு எதுக்குடி இது" என்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டியை எடுத்துப் போவதில் எனக்கு அப்படி ஒரு வீம்பு. அந்த வீம்புதான் பிறகு வேலையைக் காட்டியது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்துவான் சார் முதல் முறையாகக் கார் வாங்க நினைத்தார். ஒரு மாடலை முடிவு செய்துவிட்டார். அதில் கியர் வண்டியும் இருந்தது, சி.வி.டி. என்கிற ஆட்டோமேட்டிக்கும் இருந்தது. சி.வி.டி.யில் மிதிக்கக் கிளட்ச் கிடையாது. கியர் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே ஒரு பெல்ட் வேகத்துக்குத் தக்கபடி தானே ஏறி இறங்கிக்கொள்ளும். ஆலையில் புது மெஷின் வாங்கினால் செய்வதுபோல ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு வந்தார். சத்தம், மைலேஜ், மேடு ஏறுவது, நெரிசலில் நகர்வது என்று வரிசையாக எழுதி, இரண்டு வண்டிக்கும் மார்க் போட இடம் விட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் 'ஓட்டப் போவது: ரெஜினா' என்று எழுதியிருந்தார்.

"என்ன சார், நீங்க ஓட்டலியா?"

"நானும் ஓட்டுவேன். எனக்குன்னா எதுவா இருந்தாலும் பரவால்ல. அவளுக்குத்தான் பயம். கிளட்ச் இல்லாத வண்டின்னா சீக்கிரம் பழகிக்குவான்னு பாக்குறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பொம்பளன்னா கியர் வராதா? நான் ஓட்டல? அவங்களுக்கு மட்டும் கை கால் இல்லியா? நீங்களே இப்படிப் பேசலாமா சார்?" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. இதெல்லாம் டெஸ்டில் வராது என்று சொல்லி, சரக்கைத் தள்ளுபடி செய்யும் சிவப்புப் பேனாவால் அந்த முதல் வரியை அடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஷோரூமுக்கு மூன்று பேரும் போனோம். முதலில் அவர் ஓட்டினார், பிறகு நான் ஓட்டினேன். இரண்டு வண்டியிலும் ரெஜினா அக்கா பின் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சி.வி.டி.யை நான் ஒரு மிதி மிதித்தேன். என்ஜின் வீறிட்டது, வண்டி சாவகாசமாக நகர்ந்தது. "பாத்தீங்களா, சத்தம்தான் முன்னாடி ஓடுது, வண்டி பின்னாடி வருது" என்று கேலி செய்தேன். விற்பனைக்காரர்கூடச் சிரித்தார். அந்துவான் சார் ஒவ்வொரு கட்டத்திலும் மார்க் போட்டார். கியர் வண்டி ஜெயித்தது. ஒரு மூடியைக்கூட அடுத்தவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மனிதரும், அவரிடம் பாடம் கற்ற நானும் சேர்ந்து, ஓட்ட வேண்டியவரைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுத்தோம். இதைவிடக் கேவலமான பரிசோதனையை எங்கள் பிரிவில் யாரும் செய்ததில்லை.

ஆறு மாதம் கழித்து, "அக்கா ஓட்டுறாங்களா சார்?" என்று கேட்டேன். "லைசென்ஸ் வாங்கிட்டா" என்றார். அதற்குப் பிறகும் கேட்டேன். "ஓட்டுறா, ஓட்டுறா" என்றார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று மேசையைத் தட்டினேன். அவர் சிரித்தார். ஒருமுறை அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது கிளட்ச் மிதிக்கும் இடது காலின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டால், "புது ஷூ கடிக்குது" என்றார். ஷூ பழையது என்பதைக் கவனிக்கிற கண் எனக்கு இருந்தது. கவனித்ததை யோசிக்கிற நேரம்தான் இல்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ரெஜினா அக்காதான் எல்லாவற்றையும் சொன்னார். லைசென்ஸ் வாங்கிய மறுவாரம் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றிருக்கிறது. அக்கா நிறுத்தி, மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு ஒரு பைக்கின் மேல் இடித்திருக்கிறது. யாருக்கும் காயமில்லை. ஆனால் சுற்றி நின்று கத்திய கத்தலில் அக்கா இறங்கி ஓரமாக நடந்தே வந்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"எங்கிட்ட நீங்க ஓட்டுறீங்கன்னு சொன்னாரேக்கா."

"உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு. செல்வி மனசு கஷ்டப்படும், அவ ஆசையா சொன்னான்னாரு."

பிறகு அந்தக் காலையைச் சொன்னார். கடற்கரையில் நடந்துவிட்டு வந்த அந்துவான் சார் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தாகிவிட்டது. அது வர நேரமாகும் என்று பயந்து அக்கா அவரைக் காரில் ஏற்றி, தானே உட்கார்ந்து கிளப்பியிருக்கிறார். கேட்டுக்கு வெளியே பாதி வந்ததும் வண்டி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறையும் அணைந்தது. "காலு என் பேச்ச கேக்கல செல்வி. வுடறப்ப எல்லாம் குலுங்கி நின்னுடுச்சு. அவரு பக்கத்துல நெஞ்ச புடிச்சிக்கிட்டு, தூஸ்மான் ரெஜி, தூஸ்மான், பயப்படாதன்னாரு." எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது.

நான் பெருமையாக உள்ளே எடுத்துவிட்ட கார் அதுதான். அது ஏன் அப்படிக் கோணலாக நின்றது என்பது எனக்கு ஏழு நாள் தெரியவில்லை.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். ஆம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லை. எல்லாம் விதி என்று என்னைத் தேற்ற வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஷோரூமில் பேசியது விதி இல்லை, நான்.

மூன்றாவது வாரம் அக்கா கூப்பிட்டார். கார் வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை, விற்றுவிட வேண்டும் என்றார். வண்டிக் காகிதங்களை எடுக்க டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தபோது அந்தக் கட்டம் போட்ட தாளும் இருந்தது. அந்துவான் சார் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார்.

"இந்த செவப்பு மை யாருது?"

"என்னுதுதான்க்கா."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "அந்த இன்னொரு வண்டிய நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும். கூட வா" என்றார்.

ஷோரூமில் விற்பனைக்காரர் சாவியை என்னிடம் நீட்டினார். அவங்ககிட்ட குடுங்க என்று சொல்லிவிட்டு நான் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அக்கா பிரேக்கை மிதித்து, லீவரை ஒரே ஒருமுறை நகர்த்தி, பிரேக்கை விட்டார். வண்டி தானாக மெல்ல நகர்ந்தது. அவரே அரும்பார்த்தபுரம் பக்கம் திருப்பினார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் நெரிசல், நின்றோம். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். முன் இருக்கையின் முதுகை நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெரிசல் விலகியதும் அக்கா மிதித்தார். நான் கேலி செய்த அதே சத்தத்தோடு என்ஜின் வீறிட, வண்டி துளியும் பின்னால் போகாமல் ஏறியது. பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இவ்ளோதானா செல்வி?"



அந்துவான் சாருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். ஆலையில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எதிலாவது கையெழுத்துப் போடும்போது கண்ணில் படும். முதல் வரியின் மேல் என் சிவப்புக் கோடு நீளமாக ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே ரெஜினா என்ற பெயரை இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.