திருக்கடையூரிலிருந்து மாமா வீட்டுச் சாப்பாட்டுக்கு

காலை ஆறரை மணிக்குத் திருக்கடையூரை விட்டுக் கிளம்பினோம். முந்தைய நாள்தான் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்திருந்தது. அம்மாவின் கழுத்தில் புதுத் தாலிக்கயிறு மஞ்சள் ஈரத்தோடு கிடந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு இது நான்காம் நாள். வண்டி, என் கணவர் அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய அம்பாசடர். மத்தியானம் சிவசாமி மாமா வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் பட்டுக்கோட்டையில் நாத்தனார் வீடு என்று திட்டம்.

சிவசாமி மாமா அம்மாவின் ஒரே தம்பி. திருத்துறைப்பூண்டிக்கு வடக்கே ஒன்பது மைலில் ஊர். வருஷா வருஷம் தை கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மூட்டை புது அரிசி வந்து இறங்கும். அதை அறுத்தது யார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். வரைபடத்தை மடியில் விரித்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிடும். பெரிய சாலையில் யார் வேண்டுமானாலும் போகலாம், நாம் வாய்க்கால் கரையோடு போவோம் என்று சென்னையிலேயே முடிவு செய்தது நான்தான்.

எட்டே கால் மணிக்குத் திருவாரூரில் டீ குடித்தோம். ஒரு டீ பதினைந்து பைசா. எதிர்ச் சுவரில் கறுப்பும் சிவப்புமாகக் கட்சிக் கொடி வரைந்து, ஏழைகளின் அரசு என்று எழுதியிருந்தார்கள். டீக்கடைக்காரர் எங்கள் வழியைக் கேட்டார்.

"கரை ரோட்டுல போகாதீங்க சார். பெரிய ரோட்டுலயே போயிடுங்க. அறுப்பு நேரம்."

வண்டி மாடுகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று சொல்கிறார் போலும் என நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கரைச் சாலையின் இரண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்ந்திருந்தது. ஆறு மைல் போயும் வயலில் ஒரு ஆள் இல்லை. என் மகள் கலா, ஒன்பது வயது, "ஏம்மா யாருமே அறுக்கல?" என்று கேட்டாள். சீக்கிரமே வேலை முடித்துப் போயிருப்பார்கள் என்று பூகோள டீச்சராகப் பதில் சொன்னேன். அறுத்த தாள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒன்பதரை மணி இருக்கும். வெயிலில் இரண்டு பெண்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இளையவள் இடுப்பில் கைக்குழந்தை. கணவர் வண்டியை நிறுத்த, நான் கதவைத் திறந்துவிட்டேன். பின்சீட்டில் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினாள். அவர்கள் கையில் கருக்கரிவாள் இருந்தது, நெல் அறுக்கும் பல் வைத்த அரிவாள். கலா மேல் பட்டுவிடக் கூடாதென்று அவளை முன்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, அரிவாள்களை வாங்கிப் பின்கண்ணாடி ஓரத்துப் பலகையில் வைத்தேன்.

"எந்த ஊரும்மா?"

"அறந்தாங்கிப் பக்கங்க. மழையில்ல, கம்மா வத்திப்போச்சு. அறுப்புக்கு ஆள் வேணும்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. அரச மரத்தடியில நின்னா கூட்டிட்டுப் போவாங்களாம்" என்றாள் பெரியவள். இளையவள் பெயர் மருதாயி. குழந்தை அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது.

இரண்டு மைல் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு மாட்டு வண்டி நின்றது. பக்கத்தில் செங்கொடி. நாற்பது பேருக்குக் குறையாது. சிலர் பின்பக்கம் போனார்கள். பின்கண்ணாடியில் அரிவாள்களைப் பார்த்ததும், "வெளியூர் ஆளுங்கடா! கார்லயே ஏத்திட்டு வர்றானுங்க!" என்று ஒருவர் கத்தினார். பானெட்டில் ஒரு கை ஓங்கி அறைந்தது. கலா அலறினாள். வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். பாப்பு அக்கா என்று கூட்டம் வழிவிட்டது.

"கூலி நெல்லுல ஒரு படி கூடக் கேட்டோம். ஒம்பது நாளா ஒருத்தரும் வயல்ல எறங்கல. நீங்க ஆளு கொண்டாந்து விடுறீங்களே, நியாயமா?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வெயில்ல நடந்தாங்க, ஏத்திக்கிட்டோம்" என்றார் என் கணவர்.

மருதாயி தானாகவே இறங்கி நின்றாள். அவளை அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். பாப்பு அக்கா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மரத்தடிக்குப் போய், அத்தனை பேருக்கும் வைத்திருந்த கஞ்சிப் பானையிலிருந்து ஒரு குவளை மொண்டு வந்து மருதாயியிடம் நீட்டினாள்.

"ஒன் பசி எனக்குத் தெரியாதா? ஆனா இன்னிக்கு நீ எறங்கி அறுத்தா, எங்க புள்ளைங்க ஒம்பது நாள் பட்டினி கெடந்தது வீணாப்போயிடும். ஊருக்குத் திரும்பிடும்மா."

மருதாயி குடித்த வேகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. காரின் டிக்கியில் மாமாவுக்காகக் கொண்டுவந்த லட்டும் முறுக்கும் இருந்தன.

"யாரு வயலுக்கு வந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியல பாருங்க" என்று பாப்பு அக்கா எங்களிடம் சொன்னாள். "சிவசாமி மிராசு வயலுக்குத்தான். நீங்க எங்க போறீங்க?"

அப்பா தாலுக்கா ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். முகம் மாறாமல், "பட்டுக்கோட்டைக்கு" என்றார். பொய்யில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா மெல்ல இறங்கினாள். நேற்றுக் கட்டிய தாலியைப் பிடித்துக்கொண்டு, "சிவசாமி என் தம்பி. அவன் வீட்டுக்குத்தான் சாப்பிடப் போறோம்" என்றாள்.

என் கணவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பாப்பு அக்கா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீங்களே அவருகிட்ட சொல்லுங்கம்மா. நாங்க சொன்னா அவரு காதுல விழல."

வண்டி மாட்டை ஓட்டி வழிவிட்டார்கள். இரண்டு பெண்களையும் மறுபடி ஏற்றிக்கொண்டு, மாமா ஊரைத் தாண்டி, நிற்காமல், திருத்துறைப்பூண்டி பஸ் நிலையம் போனோம். பலகாரக் கூடையை மருதாயியிடம் கொடுத்து, பதினொன்றரை மணி பஸ்ஸில் இருவரையும் ஏற்றினாள் அம்மா. பஸ் நிலையம் போகிற வழியெல்லாம் குழந்தை அம்மாவின் மடியில்தான் இருந்தது.

மாமா வீட்டுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டேகால். தலைவாழை இலை போட்டு, ஐந்து வகைக் கறி.

"வாங்க அத்தான், வாக்கா. வழியில ரெண்டு பொம்பளைங்களப் பாத்தீங்களா? அரச மரத்துக்கிட்ட ஆள நிறுத்தியிருந்தேன், வரவேயில்ல. நெல்லு வயல்லயே கொட்டுதுக்கா."

"பாத்தேன். நான்தான் பஸ் ஏத்தி அனுப்பிட்டேன்."

மாமா சிரித்தார். பிறகு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்தப் பச்சப்புள்ளைய அரிவாளுங்க நடுவுல கொண்டாந்து விட்டிருக்கியேடா. அவங்களக் கூப்பிட்டுப் பேசு. பேசி முடிச்சிட்டுச் சொல்லி அனுப்பு, நான் வந்து சாப்பிடறேன்."

"எனக்குப் புத்தி சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?" என்றார் மாமா. நாங்கள் வண்டியில் ஏறியபோது நிறுத்தவில்லை.

மூன்றரை மணிக்குப் பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் நின்றுகொண்டே பூரி தின்றோம். நல்லெண்ணத்தில் கதவைத் திறந்துவிட்டு நாற்பது பேர் வயிற்றில் மண்ணைப் போட இருந்தேனே என்ற அதிர்ச்சி எனக்கு. அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கூடப்பிறந்தவன் ஒருத்தன்தானே என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

சென்னைக்குத் திரும்பி மூன்று வாரத்தில் மாமாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "ஒரு படி ஏற்றிக் கொடுத்து அறுப்பு முடித்தாயிற்று. உனக்குத் திருப்திதானே." சாப்பிட வா என்று அதில் இல்லை. அந்த வருஷம் அரிசி மூட்டையும் வரவில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிவந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, அம்மா அந்தக் கார்டை என்னை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.